டி.எம்.பி. என்ற கடன் தவணைத் திட்டத்தில் சேரலாமா? கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

லண்டனில் எங்கள் ஆட்களின் வீடுகளில் டிவிக்குக் கீழே ஒரு லாச்சி இருக்கும். திறக்காத கடித உறைகள் எல்லாம் அதற்குள்தான் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கடிதம் என்றால் திறப்பார்கள். ஜன்னல் வைத்த உறை என்றால் லாச்சி.

மற்றவர்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்லும் வேலை எனக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. ஆங்கிலம் கொஞ்சம் ஓடும், கணக்கு பிடிக்கும், அவ்வளவுதான். நான் கடன் ஆலோசகர் இல்லை. பிரிட்டனில் அதைத் தொழிலாகச் செய்ய எஃப்.சி.ஏ. என்ற நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பின் அனுமதி வேண்டும். அனுமதி உள்ள ஒருவரிடம் போவதற்கு முதல், உங்கள் சாப்பாட்டு மேசையிலேயே என்ன செய்து வைக்கலாம் என்பதைத்தான் எழுதுகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய நடைமுறை. ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு, பிறகு சொல்கிறேன்.

டெட் மேனேஜ்மென்ட் பிளான், சுருக்கமாக டி.எம்.பி., என்பது புதுக் கடன் அல்ல. பல கடன்களை அடைத்துவிட்டு ஒரே கடனாக எடுப்பதும் அல்ல. செலவு போக மாதம் உங்களிடம் மிஞ்சுகிற தொகையை ஒரு நிறுவனத்திடம் கட்டுவீர்கள். அவர்கள் அதைக் கடன்காரர்களுக்கு, அதாவது உங்களுக்குக் கடன் தந்தவர்களுக்கு, கடனின் அளவுக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுப்பார்கள். வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் நிறுத்தும்படி கேட்பார்கள். பெரும்பாலான வங்கிகள் ஒத்துக்கொள்ளும். ஆனால் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. அதேபோல நீங்களும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இந்தத் திட்டத்தின் நல்லதும் கெட்டதும் அந்த இரண்டு வசனத்துக்குள் இருக்கிறது.

படி 1: லாச்சியைக் காலி செய்யுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எல்லா உறைகளையும் திறந்து, ஒவ்வொரு கடனுக்கும் கடைசியாக வந்த கடிதத்தை மட்டும் எடுத்து வையுங்கள். ஒரே கடனுக்கு வங்கியிடமிருந்து ஒன்று, வசூல் நிறுவனத்திடமிருந்து ஒன்று, அதை வாங்கிய இன்னொரு நிறுவனத்திடமிருந்து ஒன்று என்று மூன்று பெயரில் வந்திருக்கும். அதை மூன்று கடன் என்று எண்ணிப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கணக்கு எண்ணைப் பார்த்து ஒன்றோடு ஒன்று பொருத்துங்கள்.

பிறகு இரண்டு குவியல்.

முதல் குவியலில் கட்டாவிட்டால் வீடு, வெளிச்சம், சுதந்திரம் போகக்கூடியவை: வாடகை, மோர்ட்கேஜ், கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூராட்சி வரி, காஸ், மின்சாரம், நீதிமன்ற அபராதம், டிவி லைசன்ஸ், பிள்ளைப் பராமரிப்புப் பணம், வரி அலுவலகமான எச்.எம்.ஆர்.சி.க்குக் கட்ட வேண்டிய வரி. வேலைக்குப் போக வேண்டிய கார் தவணையில் இருந்தால் அதுவும் இங்கேதான். இரண்டாவது குவியலில் கிரெடிட் கார்ட், ஓவர்டிராஃப்ட், பர்சனல் லோன், கேட்டலொக்கில் தவணைக்குச் சாமான் வாங்கிய கடன், பேடே லோன் என்ற குறுகிய காலக் கடன்.

டி.எம்.பி. இரண்டாவது குவியலுக்கு உரியது. ஆனால் தொலைபேசியில் அதிகம் கத்துகிறவர்களும் இந்த இரண்டாவது குவியல்காரர்கள்தான். கவுன்சில் கத்தாது. அமைதியாக நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு, வீட்டுக்கே வந்து வசூலிக்கும் பெய்லிஃபை அனுப்பிவிடும். கார்ட்காரனின் தொல்லை தாங்காமல் அவனுக்குக் கட்டிவிட்டு கவுன்சில் டாக்ஸை விடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை. முதல் குவியலில் பாக்கி இருந்தால் அதற்கு முதலில் தவணை பேசி, அந்தத் தவணையை மாதச் செலவில் எழுதிய பிறகுதான் டி.எம்.பி.க்குக் காசு எடுக்க வேண்டும்.

படி 2: இது உங்கள் கடன்தானா, இன்னும் உயிரோடு இருக்கிறதா?

கணவரின் கிரெடிட் கார்டில் மனைவிக்கு இரண்டாவது கார்ட் இருந்தால், கடன் கணவருடையது மட்டும். கூட்டு லோன், கூட்டு ஓவர்டிராஃப்ட் என்றால் இருவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம், பாதிப் பாதி என்ற பேச்சே இல்லை. ஒருவர் மட்டும் டி.எம்.பி.யில் சேர்ந்தால் மற்றவரைத் துரத்துவார்கள். யாராவது உங்களுக்குப் பிணை நின்றிருந்தால் அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். நீங்கள் குறைத்துக் கட்டத் தொடங்கிய உடனே அவருக்குக் கடிதம் போகும். மாமா முறையில் இருக்கும் ஒருவர் வாசலில் வந்து நிற்பதற்கு முன் நீங்கள் போய்ச் சொல்வது மரியாதை.

அடுத்தது வயது. கார்ட், லோன் போன்ற கடன்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டின் காலவரைச் சட்டப்படி பொதுவாக 6 ஆண்டு. அந்தக் காலத்தில் நீங்கள் ஒன்றும் கட்டாமல், எழுத்தில் கடனை ஒப்புக்கொள்ளாமல், அவர்கள் வழக்கும் போடாமல் இருந்திருந்தால் பிறகு நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாமல் போகலாம். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் நுணுக்கம் உண்டு, ஆலோசகரிடம் கேளுங்கள். ஐந்தரை வருடம் தூங்கிய ஒரு கடனை யோசிக்காமல் டி.எம்.பி. பட்டியலில் போட்டு 4 பவுண் கட்டினால் கணக்கு மறுபடியும் பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

நீங்கள் கேள்விப்படாத நிறுவனம் பெரிய தொகை கேட்டால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின்படி 1 பவுண் அனுப்பி ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்கலாம். அதைக் கொடுக்கும்வரை அந்தக் கடனுக்கு நீதிமன்றத் தீர்ப்பு வாங்க முடியாது.

படி 3: வரவு செலவு, ஒளிக்காமல்

இந்தப் படியில்தான் திட்டம் பிழைக்கும் அல்லது சாகும். ஆலோசனை நிறுவனங்கள் பயன்படுத்தும் படிவத்துக்கு ஸ்டாண்டர்ட் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட் என்று பெயர். வாடகை, சாப்பாடு, பயணம், உடுப்பு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சிறு சேமிப்புக்கும் இடம் உண்டு. ஆனால் அந்தப் படிவத்தைத் தயாரித்தவர்கள் யாரும் சீட்டுக் கட்டியவர்கள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. பெயரும் ஊரும் வேண்டாம், கணக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு கிரெடிட் கார்டில் 6,200, 4,100. பர்சனல் லோன் 5,800. ஓவர்டிராஃப்ட் 1,500. கேட்டலொக்கில் 900. மொத்தம் 18,500 பவுண். வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் வேலை. முதலில் எழுதிக் கொண்டுவந்த தாளில் மாதம் 340 பவுண் மிஞ்சியது.

"அப்ப ஏன் அக்கா மாதக் கடைசியில கார்டை இழுக்கிறீங்கள்?"

"அதுதான் தம்பி எனக்கும் விளங்கேல்லை."

தேநீர் ஊற்றிக் குடித்துக்கொண்டே இன்னும் கேட்டேன். ஊருக்கு அம்மாவின் மருந்துச் செலவுக்கு மாதம் 60. சாமத்திய வீடு, கலியாணம், முப்பத்தொன்று என்று வருடம் முழுக்கக் கொடுக்கும் என்வலப்புகளைக் கூட்டி 12ஆல் வகுத்தால் 40. கடைசியாக, கொஞ்சம் தயங்கி, சீட்டு. 8 மாதத்துக்கு இன்னும் 200 படி கட்ட வேண்டும். சீட்டை ஏற்கெனவே எடுத்து பழைய கார்ட் ஒன்றை அடைத்திருக்கிறார். 340இல் 300 போக, உண்மையில் மிஞ்சியது 40.

ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "அது கடன் இல்லைத்தானே, சீட்டுத்தானே" என்றார். எடுத்த சீட்டு கடன்தான். எடுக்காத சீட்டு சேமிப்பு. ஆலோசகரிடம் இரண்டையும் அப்படியே சொல்ல வேண்டும். அவர் சீட்டை வீட்டுச் செலவு என்று ஏற்க மாட்டார், இன்னொரு கடன்காரர் என்றுதான் பார்ப்பார். அதற்குப் பயந்து மறைத்தால் என்ன நடக்கும்? தாளில் 340 என்று எழுதி 340க்கு டி.எம்.பி. போடுவார்கள். சீட்டுக்காரர் வாசல் தெரிந்தவர், கோயிலில் பார்க்கிற முகம், அவருக்குக் கட்டாமல் இருக்க முடியாது. மூன்றாம் மாதமோ நான்காம் மாதமோ டி.எம்.பி. தவணை வங்கியில் திரும்பும், திட்டம் உடையும், நிறுத்திய வட்டி மறுபடி ஓடும்.

வட்டிக்குக் காசு கொடுக்கும் ஆட்களிடம் வாங்கியிருந்தால் அது வேறு கதை. எஃப்.சி.ஏ. அனுமதி இல்லாமல் வட்டித் தொழில் செய்வது இங்கே குற்றம். வாங்கியவர் செய்தது குற்றம் அல்ல. பாஸ்போட்டையோ வங்கிக் கார்டையோ பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால், இங்கிலாந்தில் ஸ்டொப் லோன் ஷார்க்ஸ் என்ற பிரிவு அதற்கென்றே இருக்கிறது. அவர்களிடம் பேசாமல் டி.எம்.பி. பற்றி யோசிப்பதில் பயனில்லை.

படி 4: ஒரு வகுத்தல்

மொத்தக் கடனை மாத மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். வட்டி முழுதாக நின்றால் எத்தனை மாதம் என்று வரும்.

அக்காவின் முதல் தாள்: 18,500ஐ 340ஆல் வகுத்தால் ஏறக்குறைய 54 மாதம், நாலரை வருடம். உண்மைத் தாள்: 40ஆல் வகுத்தால் 462 மாதம். முப்பத்தெட்டு வருடம்! சீட்டு முடிந்த பிறகு 240 என்றால் 77 மாதம், ஆறரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றும் ஒரே வீடு, ஒரே கடன்.

எனக்கென்று ஒரு அளவு வைத்திருக்கிறேன், சட்டம் அல்ல. 5 வருடத்துக்குள் வந்தால் டி.எம்.பி. நல்ல பொருத்தம். 5க்கும் 8க்கும் இடையில் என்றால் மற்றக் கதவுகளையும் தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 10ஐத் தாண்டினால் உங்களுக்குத் தேவை டி.எம்.பி. அல்ல.

மறுபக்கமும் உண்டு. குறைந்தபட்சத் தொகைகளை எல்லாம் தவறாமல் கட்டிக்கொண்டு, அதற்கு மேலும் 150, 200 மிஞ்சுகிறவர் டி.எம்.பி.க்குப் போகத் தேவையில்லை. கூடிய வட்டி உள்ள கார்டில் அந்த மிச்சத்தைக் கொட்டுவது போதும். எதையும் பிந்தாமல் கட்டுகிறோம், ஆனால் கடன் அசையவில்லை என்கிறவர்கள்தான் நடுவில் நிற்பவர்கள். 24.9 வீத ஏ.பி.ஆர்., அதாவது வருட வட்டி, உள்ள கார்டில் 6,000 பவுண் இருந்தால் மாத வட்டி மட்டும் 110ஐத் தாண்டும். 18 மாதமாக நீங்கள் அசலைவிட வட்டிக்கும் கட்டணத்துக்கும்தான் கூடக் கட்டியிருக்கிறீர்கள் என்றால் கார்ட் நிறுவனமே உங்களுக்கு எழுத வேண்டும் என்பது எஃப்.சி.ஏ. விதி. "பெர்சிஸ்டன்ட் டெட்" என்று தலைப்பிட்ட கடிதம் லாச்சிக்குள் கிடந்தால் அதை மேலே எடுத்து வையுங்கள்.

படி 5: மற்றக் கதவுகள்

முதலில் நேரம் வாங்கும் வழி. 2021 மே 4 முதல் பிரீதிங் ஸ்பேஸ் என்ற சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆலோசகர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். 60 நாளுக்குப் பெரும்பாலான கடன்களில் வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். 12 மாதத்துக்கு ஒரு முறைதான், ஆகவே ஆத்திரத்தில் வீணாக்காதீர்கள். பெய்லிஃப் கடிதம் வந்த வாரம் அதற்கு ஏற்ற வாரம்.

மிச்சம் மிகக் குறைவு, வீடு சொந்தம் இல்லை என்றால் டி.ஆர்.ஓ., அதாவது டெட் ரிலீஃப் ஓடர். மாத மிச்சம் 75 பவுணுக்கு மேல் இருக்கக் கூடாது. கடன் 50,000க்குள் இருக்க வேண்டும், 2024 ஜூன் 28இல் 30,000இலிருந்து கூட்டிய எல்லை இது. சொத்து 2,000க்குள், வாகனம் 4,000க்குள். முன்பு இருந்த 90 பவுண் கட்டணத்தை 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். 12 மாதம் முடிந்ததும் அதில் சேர்த்த கடன்கள் போய்விடும். தகுதி உள்ளவருக்கு டி.எம்.பி.யைவிட இது எத்தனையோ மடங்கு மேல். ஆனால் நம்மவர்கள் "பேர் கெட்டுவிடும்" என்று இதைத் தொடமாட்டார்கள். மாதம் 30 பவுண் படி இருபது வருடம் கட்டுவதில் எந்தப் பெயர் நிமிர்ந்து நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு எச்சரிக்கை: விண்ணப்பத்துக்கு முன் மச்சானின் கைமாற்றை மட்டும் அடைத்துவிட்டு வங்கியை விட்டால், ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பமே அதில் நின்றுபோகலாம்.

ஐ.வி.ஏ. என்பது கடன்காரர்களோடு செய்யும், சட்டம் கட்டிப்போடும் ஒப்பந்தம், வழக்கமாக 5 அல்லது 6 வருடம். வாக்களிக்கும் கடன்காரர்களில் கடன் மதிப்பில் 75 வீதத்தினர் சம்மதித்தால் எல்லோரும் கட்டுப்படுவார்கள், முடிவில் மிச்சக் கடன் தள்ளுபடி. வீடு வைத்திருந்து, பெரிய கடனும், நிலையான வருமானமும் உள்ளவருக்குப் பொருந்தலாம். ஆனால் நடத்துபவரின் கட்டணம் நீங்கள் கட்டும் காசிலிருந்துதான் போகிறது, பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும், நடுவில் உடைந்தால் கடன் திரும்பி வந்து நிற்கும். ஃபேஸ்புக்கில் "அரசாங்கத் திட்டம், 80 வீதம் தள்ளுபடி" என்று வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் இதை விற்பவை.

பாங்க்ரப்ஸி, அதாவது திவால், கடைசிக் கதவு, விண்ணப்பிக்க 680 பவுண். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்கள் டி.எம்.பி.க்கு முதல் டெட் அரேஞ்ச்மென்ட் ஸ்கீமைப் பாருங்கள். தவணை முறை அதேதான், ஆனால் வட்டி நிற்பதற்குச் சட்டத்தின் காவல் உண்டு.

படி 6: டி.எம்.பி. உங்களிடமிருந்து எடுப்பது

நீங்கள் கடன் கட்டிய வரலாற்றைச் சொல்லும் கிரெடிட் ரிப்போட் கெடும். ஏற்கெனவே மூன்று மாதம் பிந்தியவருக்கு இது பெரிய இழப்பு அல்ல, ஒரு நாளும் பிந்தாதவருக்குப் பெரிய இழப்பு. அடுத்த வருடம் மோர்ட்கேஜ் எடுக்க வேண்டும், அல்லது நிலையான வட்டிக் காலம் முடிந்து வங்கி மாற வேண்டும் என்றால் அந்தத் தேதியைத் தாளின் மேலே எழுதிக்கொண்டு யோசியுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. குறைத்துக் கட்டினால் கணக்கில் டிஃபோல்ட், அதாவது தவணை தவறியவர் என்று, பதிவார்கள் என்று பயப்படுகிறோம். டிஃபோல்ட் பதிந்த நாளிலிருந்து 6 ஆண்டில், கடன் மிச்சம் இருந்தாலும், அந்தக் கணக்கு ரிப்போட்டிலிருந்து போய்விடும். டிஃபோல்ட் பதியாமல் "ஏற்பாட்டின்படி கட்டுகிறார்" என்று மாதாமாதம் குறித்துக்கொண்டே போனால், கடன் தீர்ந்த பின்னும் 6 ஆண்டு கிடக்கும். நீண்ட டி.எம்.பி. போடுகிறவருக்கு டிஃபோல்ட் பிந்தி வருவதைவிட முந்தி வருவதே நல்லது.

வழக்கு வராது என்ற உத்தரவாதமும் இல்லை. ஒரு கடன்காரர் சி.சி.ஜே. என்ற நீதிமன்றத் தீர்ப்பு வாங்கி, சொந்த வீடு இருந்தால் கடனுக்கு அந்த வீட்டை ஈடாக்கும் சார்ஜிங் ஓடர் போடலாம். டி.எம்.பி. ஓடும்போது இது அடிக்கடி நடப்பதில்லை. வீட்டுக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும்.

படி 7: யாரிடம் போவது

காசு கேட்காதவரிடம். ஸ்டெப்சேஞ்ச் ஒரு தொண்டு நிறுவனம், பேபிளான் ஒரு தனியார் நிறுவனம். இரண்டும் டி.எம்.பி.யை உங்களிடம் ஒரு பென்ஸும் எடுக்காமல் நடத்துகின்றன. பெருமளவில் கடன்கார நிறுவனங்கள் தரும் காசில் அவை ஓடுகின்றன. நேஷனல் டெட்லைனும் சிட்டிசன்ஸ் அட்வைஸும் வழி சொல்வார்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். பத்து வயது மகளை வைத்துக் கடன் கதைப்பது வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு அன்று இரவு நித்திரை வராது.

மாதம் 35 பவுண் "நிர்வாகக் கட்டணம்" என்று ஒருவர் எடுத்தால், அக்காவின் 240இல் கடனுக்குப் போவது 205. 77 மாதம் 90 மாதத்தைத் தாண்டும். தமிழ் வானொலியில் விளம்பரம் வந்தால் என்ன, தமிழில் கதைத்தால் என்ன, எஃப்.சி.ஏ. பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவேடு இணையத்தில் இலவசம்.

படி 8: தொடங்கும் மாதம்

சம்பளம் வரும் வங்கியிலேயே ஓவர்டிராஃப்டோ கார்டோ கடன் இருந்தால், அந்த வங்கி உங்கள் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ள இடமுண்டு. அதனால் கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கிக் குழுமத்தில் பேசிக் அக்கவுண்ட் என்ற ஓவர்டிராஃப்ட் இல்லாத கணக்கு திறந்து, சம்பளத்தையும் வாடகை, மின்சார டைரக்ட் டெபிட்டுகளையும் மாற்றுங்கள். பெயர் வேறாக இருந்தும் ஒரே குழுமத்தைச் சேர்ந்த வங்கிகள் உண்டு, அதைப் பார்த்துத் திறவுங்கள். டி.எம்.பி.க்குப் பிறகு முயன்றால் சிரமம் கூடும், முதலே செய்துவிடுங்கள்.

பழைய கார்ட் டைரக்ட் டெபிட்டுகளை எப்போது நிறுத்துவது என்பதை நிறுவனத்திடம் கேட்டு அந்தத் தேதியில் நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் கடிதமும் அழைப்பும் வரத்தான் செய்யும். திட்டத்தின் குறிப்பெண்ணைச் சொன்னால் போதும். வட்டி நின்றதா என்பதை ஒவ்வொரு ஸ்டேட்மெண்டிலும் நீங்களே பாருங்கள். நிற்காத கணக்கை ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

சீட்டு ஓடும்வரை அந்த அக்காவால் 240 கட்ட முடியாது. முதலில் சீட்டுக்காரரிடம் போனார். 200 படி 8 மாதத்தை, 100 படி 16 மாதமாக மாற்றித் தரச் சொன்னார். சீட்டுக்காரர் முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஆலோசகரிடம் சீட்டையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லி, 140 பவுணில் டி.எம்.பி. தொடங்கியது. 16 மாதத்தில் 2,240 கட்டி, பிறகு 240ஆகக் கூட்டினால் மொத்தம் 84 மாதம், சரியாக 7 வருடம். டி.ஆர்.ஓ.வும் பேச்சில் வந்தது. சீட்டைக் கடனாகப் பார்த்தபோது மாத மிச்சம் 75ஐத் தாண்டியதால் சரிவரவில்லை.

பதினேழாம் மாதம் நிறுவனம் கேட்கும்வரை காத்திருக்காமல் தானே ஃபோன் எடுத்து, தொகையைக் கூட்டச் சொன்னார். லாச்சிக்குள் இப்போது டிவி ரிமோட்டும் பழைய பேட்டரிகளும் கிடக்கின்றன. கடிதங்கள் சமையலறைச் சுவரில் ஒரு கிளிப்பில் தொங்குகின்றன.